குழாய், பீஸ், மாடி: மழைக்கு முன் நீங்களே செய்யும் மூன்று வேலைகள்

கட்டட வேலைக்குப் போகும் பெண்ணைச் சித்தாள் என்கிறோம். இருபது வருடம் கல்லும் கலவையும் சுமந்த அக்காவின் கையிலும் கரணையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் இறுகிப்போகும் என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் பூசுவது கொத்தனார் வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் சூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் கதையும் அதுதான். மெல்லிய தோலின் ஓரத்தைச் சீவி, மடித்து, கோடு பிசகாமல் சூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கிறார்கள். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் வாளியை வைத்துவிட்டு ஆள் தேடுகிறார்கள்.

அமிர்தி மாதிரி ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களில் அந்த ஆளும் லேசில் கிடைப்பதில்லை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வந்து, சில ரூபாய் வாஷர் ஒன்றை மாற்றிக் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. வந்தாலும் வண்டிச் செலவையும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்கள். அதனால் சின்னப் பழுது அப்படியே கிடக்கும். ஒழுகும் குழாயால் சுவர் ஊறும், மாடி விரிசலால் கம்பி துருப்பிடிக்கும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது பத்தாயிரத்தில் வந்து நிற்கும்.

இந்த அத்தியாயத்தில் மூன்று வேலைகளை எடுத்துக்கொள்கிறோம். ஒழுகும் குழாய், போன பீஸ், ஒழுகும் மாடி. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று: அடைத்த பிறகே கை வைக்க வேண்டும். தண்ணீர் என்றால் வால்வு, கரண்ட் என்றால் மெயின். மாடிக்கு அடைக்க எதுவும் இல்லை, ஆகவே காய்ந்த நாளாகப் பார்த்து ஏறுங்கள்.

## கருவிப் பை

எல்லாக் கருவியும் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. மகளிர் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பீர்கள். குழுவுக்கு ஒரு பை போதும். அதில் இவை இருக்கட்டும்:

- அட்ஜஸ்டபிள் ஸ்பானர் இரண்டு. ஒன்றை வைத்துப் பிடிக்க, இன்னொன்றை வைத்துத் திருப்ப.
- தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்க்ரூ டிரைவர்
- பிளாஸ்டிக் உறை போட்ட கட்டிங் பிளேயர்
- டெஸ்டர், டார்ச் லைட்
- சுத்தியல், சின்ன உளி, கம்பி பிரஷ்
- கரணை, மட்டப்பலகை
- டெஃப்லான் டேப், அரை இஞ்ச் வாஷர் ஒரு டஜன், 5 ஆம்பியர் பீஸ் ஒயர்
- ரப்பர் கையுறை, கண்ணாடி, அளவு டேப்

கண்ணாடியையும் கையுறையையும் ஆடம்பரம் என்று விட்டுவிடாதீர்கள். உளி வைத்துத் தட்டும்போது தெறிக்கும் சில்லு கண்ணில் பட்டால் மருத்துவச் செலவு இந்தப் பையின் விலையைத் தாண்டிவிடும்.

பையோடு ஒரு நோட்டும் இருக்கட்டும். யார், எந்தத் தேதியில், எதை எடுத்துப்போனார் என்று எழுதுங்கள். வாஷர் தீர்ந்துபோனால் அதையும் எழுதுங்கள். தேவைப்படும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கண்ணமங்கலத்தில் கடை திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

## வேலை 1: ஒழுகும் குழாய்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிறது. பாலாற்றங்கரையில் தோல் கழிவு கலந்த நிலத்தடி நீருக்கு உப்பு இன்னும் அதிகம். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய பிரச்சினை அது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவிலும், பாத்திரம் கழுவும் குழாய்க்குப் போர் தண்ணீரைத்தான் விடுகிறார்கள். வாஷரை மட்டும் மாற்றிவிட்டு உப்பைச் சுரண்டாமல் விட்டால் ஒரே மாதத்தில் மறுபடியும் சொட்டும்.

முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் வாஷர் போயிருக்கிறது. திறக்கும்போது கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் மேல் நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது அதனடியில் சுற்றியிருக்கும் நூல் தேய்ந்திருக்கிறது. குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் கசிந்தால் மரையில் டேப் போய்விட்டது. கால் சுற்றுத் திருப்பிலேயே முழுசாகத் திறந்துகொள்ளும் புது ரகக் குழாய்களில் ரப்பர் வாஷர் இருக்காது. உள்ளே இருக்கும் பீங்கான் தகடு போட்ட பாகத்தையே மொத்தமாக மாற்ற வேண்டும். அதைக் கழற்றி கடைக்கு எடுத்துப்போய், அதே மாதிரி வாங்கி வாருங்கள்.

திருகித் திருகி மூடும் பித்தளைக் குழாய்க்கு வாஷர் மாற்றும் வரிசை இது:

1. தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். வால்வே இல்லாத வீடு என்றால் மோட்டாரை நிறுத்தி, தொட்டித் தண்ணீரைக் குடங்களில் பிடித்துக் காலி செய்யுங்கள்.
2. பழுதான குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் முழுவதும் வடியும் வரை காத்திருங்கள். சொட்டு நின்ற பிறகே அடுத்த படி.
3. தொட்டிமுற்றத்து ஓட்டையில் துணியை அடையுங்கள். கைப்பிடியின் குட்டி ஸ்க்ரூ அதில் விழுந்தால் வேலை அத்தோடு நின்றுவிடும்.
4. கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றிக் கைப்பிடியை மேலே இழுங்கள். உப்புப் பிடித்து வராவிட்டால் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ விட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள்.
5. ஒரு ஸ்பானரால் குழாயின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றால் மேலே உள்ள பெரிய நட்டைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். கீறல் விழாமல் இருக்க நட்டின் மேல் துணி சுற்றிக்கொள்ளலாம்.
6. நட்டோடு திருகுத்தண்டும் வெளியே வரும். அடியில் இருக்கும் பழைய வாஷரை எடுங்கள். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும், சிலது கருகின மாதிரி நொறுங்கும்.
7. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். வாஷர் உட்காரும் வட்ட விளிம்பு தெரியும். சுண்டுவிரலை விட்டு அதைச் சுற்றித் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. சொரசொரப்பாக இருந்தால் அது உப்பு. புளித்துணியால் தேய்த்து, கரைந்ததை வெளியே துடைத்தெடுங்கள். பள்ளமோ வெட்டோ விரலில் தட்டுப்பட்டால் எந்த வாஷரும் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும்.
8. புது வாஷரைப் போடுங்கள். பழையதைக் கையில் எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.
9. திருகுத்தண்டைத் திறந்த நிலைக்கு, அதாவது மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, நட்டைக் கையால் திருகுங்கள். பிறகு ஸ்பானரால் கால் சுற்று இறுக்குங்கள்.
10. குழாயை மூடிவிட்டு, கேட் வால்வை மெல்ல மெல்லத் திறந்துவிடுங்கள்.

இங்கேதான் தவறு நடக்கிறது. ஐந்தாவது படியில் ஒரே ஸ்பானரை வைத்து முழு பலத்தோடு திருப்புவார்கள். நட்டு வராது, சுவருக்குள் இருக்கும் பைப் முறுக்கிக்கொண்டு உடையும். பிவிசி பைப்பில் இது நிச்சயம். ஒன்பதாவது படியில் தண்டைக் கீழே இறக்கி வைத்து நட்டை முடுக்கினால் புது வாஷர் அங்கேயே நசுங்கிப்போகும். அப்புறம், ஒழுகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் குழாயை முழு பலத்தோடு இறுக்கி மூடும் பழக்கம் நம் எல்லா வீட்டிலும் உண்டு. வாஷரைக் கொல்வது அந்தப் பழக்கம்தான். சொட்டு நின்றதும் கையை எடுங்கள்.

முழுக் குழாயையும் மாற்றும்போது, மரை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு டெஃப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து வெளியே சுருண்டு வந்துவிடும். பிவிசி பைப் ஒட்ட வேண்டியிருந்தால் அதற்கென்று விற்கும் சால்வன்ட் சிமென்டையே வாங்குங்கள். கம்பெனியிலிருந்து யாராவது கொண்டுவரும் சூ பசை பைப்பில் நிற்காது. தவிர அது சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரியும் வீட்டுக்குள் அதைத் திறக்கவே கூடாது.

## வேலை 2: பீஸ் போனால்

இந்த வேலையில் நீங்கள் செய்யலாம் என்று நான் சொல்வது மிகக் கொஞ்சம். வீட்டுக்குள் உங்கள் மெயின் சுவிட்சுக்குப் பிறகு இருக்கும் பீஸ் கேரியரில் ஒயர் கட்டுவது, பல்பு மாற்றுவது, அவ்வளவுதான். புது ஒயர் இழுப்பது, சுவிட்ச் போர்டைத் திறப்பது எல்லாம் உரிமம் உள்ள வயர்மேன் வேலை. மீட்டர், அதற்கு முன்னால் சீல் வைத்த கட்டை, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் ஆகியவை ஈபி-யுடையவை. கம்பத்தில் பீஸ் போட எந்த வீட்டு ஆளும் ஏறக் கூடாது. ஈபி புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இரவிலும் எடுப்பார்கள். மீட்டர் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைச் சொன்னால் போதும். வீட்டுக்குள் பீஸ் கட்டும் வரிசை இது:

1. எது ஓடிக்கொண்டிருந்தபோது பீஸ் போனது என்று யோசித்து, அந்தப் பொருளின் பிளக்கை உருவுங்கள். அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடியிருந்தால் சுமை கூடியிருக்கும்.
2. மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். கையைத் துடையுங்கள். ரப்பர் செருப்பு போட்டு, காய்ந்த பலகை மேல் நில்லுங்கள். பிள்ளைகள் யாரும் மெயினைத் தொடாதபடி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.
3. பீஸ் கேரியரை நேராக இழுத்தெடுங்கள். ஒயர் உருகி அறுந்திருக்கும். பீங்கான் விரிசல் விட்டிருந்தாலோ கருகியிருந்தாலோ கேரியரையே மாற்ற வேண்டும்.
4. பழைய துண்டுகளை முழுவதும் நீக்கி, விளக்கு, ஃபேன் லைனுக்கு 5 ஆம்பியர் பீஸ் ஒயரை ஒற்றையாகப் போடுங்கள். ஸ்க்ரூவை முடுக்கும் திசையிலேயே ஒயரைச் சுற்றுங்கள். வீணைக் கம்பி போல விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை வெட்டிவிடுங்கள்.
5. கேரியரைச் செருகிய பிறகே மெயினைப் போடுங்கள்.
6. உடனே மறுபடியும் போனால் இரண்டாவது முறை கட்டாதீர்கள். எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. வயர்மேன் வரும் வரை மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும்.

"அடிக்கடி போகுது" என்று ஒயர் துண்டிலிருந்து செம்பு இழை நாலைந்தைப் பிரித்துக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதன் பிறகு பீஸ் போகவே போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் சூடேறி எரியும். எம்சிபி போட்ட வீடுகளில், விழுந்த லிவரைக் குச்சி கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்ப்பதும் கூடாது.

டெஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சந்தேகப்படும் இடத்தில் வையுங்கள். எரியாத டெஸ்டரை நம்பி ஒயரைத் தொடாதீர்கள், மெயினை ஆஃப் செய்வதுதான் பாதுகாப்பு.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பேன். கரண்ட் ஆள் மேல் பாய்ந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. வயர்மேனை வைத்துப் பொருத்துங்கள். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இன்றைக்கே, பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: துணி காயப்போடக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். கம்பியின் ஒரு முனை சர்வீஸ் ஒயரைத் தாங்கும் பைப்பில் கட்டியிருக்கும். மழையில் ஒயரின் உறை தேய்ந்து கசிந்தால், ஈரத் துணியோடு கையை வைப்பது வீட்டுப் பெண்தான். இப்படிப் போன உயிர்களைப் பற்றி மழைக்காலத்தில் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

## வேலை 3: மாடி ஒழுக்கு

தொகுப்பு வீடுகளின் மாடி பெரும்பாலும் வெறும் கான்கிரீட். மேலே ஜல்லியும் தட்டோடும் போட்டிருக்காது. மே மாத வேலூர் வெயிலில் அது விரியும், திடீர்க் கோடை மழையில் சுருங்கும். விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆகவே மாடி வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

ஏறுவதற்கு முன். தனியாக ஏறாதீர்கள். நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஏணியின் தலை மாடிக்கு மேல் மூன்றடி நீட்டியிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகுங்கள், சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கீழே வைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஓரத்திலிருந்து மூன்றடிக்குள் போகாதீர்கள். மேலே ஒயர் போகிறதா என்று பார்த்த பிறகே நீளமான எதையும் தூக்குங்கள். பாசி ஈரமாக இருக்கும்போது ஏறவே கூடாது.

### எங்கே ஒழுகுகிறது?

உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் கொஞ்ச தூரம் ஓடித்தான் கீழே எட்டிப் பார்க்கும். கீழே, இரண்டு சுவரிலிருந்து கறை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே போய் அதே அளவில் சாக்பீஸ் குறி போட்டு, அதைச் சுற்றித் தேடுங்கள். மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: தளத்து விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய்.

அமிர்தி பக்கம் மரத்தடி வீடுகளில் பாதி ஒழுக்கு இந்தக் குழாய் வாயால் வருவது. இலை அடைத்துத் தண்ணீர் மாடியிலேயே தேங்கும், தேங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ஒழுகும். இலையை வாரிவிட்டு ஒரு மழை பார்த்த பிறகு மற்ற செலவைப் பற்றி யோசியுங்கள்.

சந்தேகமான விரிசல் மேல் நனைத்த சாக்கைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அதுதான். ஒரு நேரத்தில் ஒரு விரிசலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

### விரிசல் அடைக்கும் வரிசை

சூ கம்பெனியில் அப்பரோடு சோலை ஒட்டும் முன் தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, பதம் பார்த்துத்தான் அழுத்துவார்கள். சுரண்டாமல் ஒட்டிய சோல் பிரிந்துவிடும். மாடிப் பூச்சும் அப்படியே. கலவை பூசுவது அரை மணி வேலை. அதற்கு முன் சுத்தம் செய்வதற்குத்தான் காலைப்பொழுது போகும்.

1. பெருக்கி, கம்பி பிரஷால் பாசியையும் பழைய பெயின்ட் செதிலையும் தேய்த்தெடுங்கள்.
2. கண்ணாடி போட்டுக்கொண்டு, உளியைச் சாய்த்து வைத்து விரிசலை 'வி' வடிவத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் ஆழம் திறந்துவிடுங்கள். லேசாகத் தட்டினால் போதும். கம்பி கண்ணில் பட்டால் நிறுத்துங்கள்.
3. தூசியைப் பிரஷால் வெளியேற்றித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பூசும்போது பள்ளம் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது.
4. சிமென்டை, கடையில் கிடைக்கும் ஒட்டுத் திரவத்தோடு தோசை மாவுப் பதத்தில் கரைத்து, பள்ளத்துக்குள் பிரஷால் தடவுங்கள்.
5. அது காய்வதற்குள், சலித்த பி-சாண்ட் 3 பங்கு, சிமென்ட் 1 பங்கு கலந்த கலவையை அழுத்தி அடையுங்கள். வாட்டர்ப்ரூஃப் பவுடரோ திரவமோ சேர்ப்பதானால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு மட்டும். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது.
6. கரணையால் தளத்தோடு மட்டமாக இழுத்துவிடுங்கள். மூலையாக இருந்தால் கலவையைச் சுவர் மேல் இரண்டு இஞ்ச் ஏற்றி, உள்வளைவாக இழையுங்கள். அங்கே தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும்.
7. மறுநாள் காலையிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்.
8. நன்றாகக் காய்ந்த பிறகு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு தடவை. முதல் பூச்சு கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது தெற்கு வடக்காக. விரிசல் மேல் மட்டும் இரண்டு பூச்சுக்கு நடுவே ஃபைபர் வலைத் துண்டை வைத்து அழுத்துங்கள். வெள்ளை நிறம் வாங்கினால் கோடையில் வீட்டுச் சூடும் கொஞ்சம் தணியும்.

கவனம். விரிசல் மேல் சிமென்ட் பாலை ஊற்றிவிட்டு வருவதுதான் நம்மூரில் அதிகம் நடக்கும் வேலை. அது அப்பளம் போல மேலே காய்ந்து பெயர்ந்துவிடும். சிமென்ட் கூடப் போட்டால் கெட்டியாகும் என்பதும் தப்பு, அதிக சிமென்ட் காயும்போது சுருங்கி வெடிக்கும். கலந்ததை அரை மணிக்குள் தீர்க்கப் பாருங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பலம் போய்விடும். மூட்டையில் கட்டி தட்டிய சிமென்ட் யார் இலவசமாகக் கொடுத்தாலும் மாடிக்கு வேண்டாம். கையுறை கட்டாயம். ஈர சிமென்ட் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

### ஓட்டு வீடு, ஷீட் வீடு

காட்டோரத்தில் குரங்கு ஓட்டைப் புரட்டிப் போடும். நகர்ந்த சீமை ஓட்டை முடிந்தவரை உள்ளேயிருந்து, மேசை மேல் நின்று தள்ளிச் சரிசெய்யுங்கள். மேலே ஏற நேர்ந்தால் ஓட்டை மிதிக்காமல் குறுக்கே பலகை போட்டு, அடியில் ரீப்பர் இருக்கும் இடத்தில் பாரம் விழும்படி நகருங்கள். கல்நார் ஷீட்டின் மேல் எந்தக் காரணத்துக்கும் கால் வைக்காதீர்கள், பழைய ஷீட் சத்தமில்லாமல் உடையும். அதில் துளை போடுவதும் அறுப்பதும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். போல்ட் ஓரம் ஒழுகினால் தார் வாஷரை மாற்றச் சொல்லி, சாரம் கட்டி வேலை செய்யும் ஆளிடம் விடுங்கள்.

## கை வைக்கக் கூடாதவை

2021 நவம்பர் 19 அதிகாலை, விடாத மழையில் பேர்ணாம்பட்டில் சுவர் இடிந்து விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். அந்த மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஊறின சுவரை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்வருவதில் எதைப் பார்த்தாலும் பூசி மறைக்காதீர்கள்:

- சுவரில் சாய்வாகப் போகும், விரல் நுழையும் விரிசல்
- தூக்குக்குண்டு விட்டால் சுவர் வெளியே சாய்ந்திருப்பது, அல்லது நடுவில் பிதுங்கியிருப்பது
- கூரையின் அடியில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவது
- ஒரு மாதத்தில் நீளும் விரிசல். முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் நீள்வது தெரிந்துவிடும்.

அன்றைக்கே கட்டிலையும் தொட்டிலையும் அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். மழை பலமாக இருந்தால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தாலும் இதேதான். பிறகு செல்போனில் படம் எடுத்து, தேதியோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். 2000-01 வரை அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளுக்கென்று தமிழக அரசு 2024-இல் ஊரக வீடுகள் பழுது நீக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தின் பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

## குழுவில் கற்றுக்கொடுக்கும்போது

ஒருவர் கற்றுக்கொண்டால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றும். சொல்லிக்கொடுங்கள். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்பையும் கடனையும் ஊர் ஊருக்குக் கொண்டுபோனது இப்படித்தான். கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கொத்தனார் வேலை பழகி, குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. பழகும் பலகை செய்யுங்கள். ஒரு மரப்பலகையில் பழைய பித்தளைக் குழாயை மாட்டுங்கள். இன்னொரு பலகையில் கரண்ட் இணைப்பே இல்லாத பீஸ் கேரியரை மாட்டுங்கள். முதல் பாடம் அதில்தான், யார் வீட்டுச் சுவரிலும் இல்லை.
2. விரிசல் அடைப்பதைத் தரையில் பழகுங்கள். உடைந்த சிமென்ட் பலகை ஒன்று கிடைத்தால் போதும். கரணை கைக்கு வந்த பிறகு மாடி ஏறலாம். குழுவில் சித்தாள் வேலை பார்த்தவர் இருந்தால் கலவைப் பாடத்தை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். பதம் அவருக்குத்தான் தெரியும்.
3. கற்பவர் கையிலேயே கருவி இருக்கட்டும். நேரமாகிறதென்று ஸ்பானரை வாங்கி நீங்களே முடுக்கிக் கொடுத்தால் அவர் பார்த்தது மட்டும்தான் மிச்சம். அவர் தப்பாகத் திருப்பினால் வாயால் சொல்லுங்கள். ஆபத்து என்றால் மட்டும் கையைப் பிடியுங்கள்.
4. கழற்றியதை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். துணி விரித்து, கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்தால், மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். படிக்கத் தெரியாதவருக்கும் இது கைகொடுக்கும்.
5. வாய்விட்டுச் சொல்லும் பழக்கம். கை வைக்கும் முன் "வால்வு மூடியாச்சு", "மெயின் ஆஃப்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் போய்ப் பார்த்துவிட்டு "சரி" என்ற பிறகே வேலை தொடங்கட்டும்.

ஒரு அமர்வுக்கு ஒரு வேலை போதும். வார விடுமுறை ஒரே ஒரு நாள், அதிலும் துவைப்பது, ரேஷன், சந்தை எல்லாம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் பிடித்து வைக்காதீர்கள். மாமியாரோ வீட்டுக்காரரோ "இதெல்லாம் உனக்கெதுக்கு" என்று கேட்கும் வீடும் இருக்கும். அந்த வீட்டுக் குழாயையே முதல் வேலையாக எடுத்துக்கொள்வது நல்லது. சொட்டு நின்ற பிறகு அந்தக் கேள்வி வருவது குறைவு.

இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் மாவட்ட ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். வங்கிகள் நடத்துவது அது, பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. வீட்டு ஒயரிங், பிளம்பிங், கட்டட வேலை போன்றவை அவர்கள் பாடத்திட்டத்தில் உண்டு. உங்கள் குழுவினர் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கேட்கும் குரலுக்கு வலு கூடும். போகும்போது ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், குழு உறுப்பினர் என்பதற்கான கடிதம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். பயிற்சி அட்டவணையை வாங்கி, குழுவின் கருவி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.